வண்டிக்குப் பொருத்தம் பார்த்தவர்

நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும் முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள் யாரும் பொருத்தத்தைக் கேட்காமல் வாங்கியதில்லை. கட்டிய மனைவியைக் கேட்காமல் வாங்கியவர்கள் உண்டு. கடன் கிடைக்குமா என்று பேங்கைக் கேட்காமல் வாங்கியவர்களும் உண்டு. பொருத்தத்தைக் கேட்காமல் வாங்கியவர் ஒரே ஒருவர்தான் என்றும், அவர் ஒரே மாதத்தில் காரை விற்றுவிட்டு மறுபடியும் மொபெட்டில் போகிறார் என்றும் எங்கள் தெருவில் சொல்வார்கள். அவர் யார் என்று கேட்டால் பக்கத்துத் தெரு என்பார்கள். பக்கத்துத் தெருவில் கேட்டால் எங்கள் தெரு என்பார்கள்.

பொருத்தம் என்பது அவருடைய பெயரல்ல, தொழில். நகரியில் விசைத்தறிகள் ஓடும் எங்கள் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தார். ஒல்லியான, நெட்டையான மனிதர். வெயிலோ மழையோ, வெள்ளை முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரைக்கும் பட்டன் போட்டிருப்பார். எங்கள் தெருவில் தறிச் சத்தத்தில் யார் வந்தாலும் காதில் விழாது. ஆனால் இவர் வருவது கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றிருக்கும்போதும் காதில் விழாது. அடுப்பிலிருந்து நிமிர்ந்தால் வாசற்படியில் நின்றுகொண்டிருப்பார். எப்போது வந்தீர்கள் என்று கேட்டால், "அப்பவே வந்துட்டேன் டீச்சரம்மா" என்பார். எப்பவே என்று மட்டும் சொல்ல மாட்டார்.

ஆரம்பத்தில் கல்யாணங்களுக்குத்தான் பொருத்தம் பார்த்தார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இன்ஜினியரிங் படித்துவிட்டு பெங்களூருக்கும் சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். போனவர்கள் பெண்ணையும் அங்கேயே பார்த்துக்கொண்டார்கள். இவருக்குத் தொழில் படுத்துவிட்டது. ஒரு வருஷம் போல சும்மா இருந்தார். பிறகு அதே பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் எங்கள் தெருவுக்குள் கார்கள் நுழையத் தொடங்கின. தறி முதலாளி ஒருவர், மூன்று ரகங்களில் எதை வாங்குவது என்று குழம்பிப்போய், ஷோரூமில் கொடுத்த வழவழப்பான காகிதத்தைக் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தார். பேஸ், மிடில், டாப் எண்ட் என்று மூன்று கட்டம். உள்ள வசதிக்கு டிக். இல்லாததற்குக் கோடு. தனியாகக் காசு கட்டினால் கிடைப்பதற்கு ஸ்டார்.

பொருத்தம் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, ஆயுசில் பார்த்த ஜாதகங்களிலேயே யோக்கியமான ஜாதகம் இதுதான் என்றார். எந்தப் பெண் வீட்டுக்காரன் தன் பெண்ணிடம் இல்லாததற்குக் கோடு போட்டு அச்சடித்துக் கொடுக்கிறான் என்று கேட்டார். அன்றைக்கே தொழில் மாறிவிட்டது.

பத்துப் பொருத்தத்தையும் காருக்கு மாற்றிக்கொண்டார். தினப் பொருத்தம் என்றால் மைலேஜ். கணப் பொருத்தம் என்றால் ஹாரன். வீட்டுக்காரரின் குரலைவிட அது உரக்க இருக்கக் கூடாது. நடுவில் ஒரு பொருத்தத்தை மட்டும் பெண்கள் முன்னால் சொல்ல மாட்டார். எல்லாவற்றிலும் பெரியது ரஜ்ஜு. கல்யாணத்தில் அது தாலி நிலைப்பதைப் பார்க்கும் பொருத்தம். மற்ற ஒன்பதும் இருந்து இது ஒன்று இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். காரில் ரஜ்ஜு என்றால் பிரேக்.

காகிதத்தோடு முடியாது. ஷோரூமுக்கு நேரில் வருவார். வண்டி எந்த நேரத்தில் பிறந்தது என்று கேட்பார். விற்பனையாளர்கள் மாதத்தைச் சொன்னால், நட்சத்திரம் தெரியாமல் குழந்தையை விற்கிறீர்களே என்று வருத்தப்படுவார். பிறகு இன்ஜினை அணைத்து, கதவுகளை மூடச் சொல்லிவிட்டு, டிரைவருக்குப் பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கண்ணாடிக்குள் அந்த வெள்ளைச் சட்டை அசையாமல் இருக்கும். மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. ஒருமுறை திருப்பதி ஷோரூமில், குளிர்பானம் கொண்டுவந்த பெண் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தட்டை அங்கேயே வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம். மறுநாளும் வரவில்லை.

இறங்கிய பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அது பலிக்கும். பலித்த விதம்தான் யாரும் எதிர்பார்க்காததாக இருக்கும்.

அந்த முதலாளியின் காரில் உட்கார்ந்து எழுந்து, பின்பக்க இடது கதவு இந்தக் குடும்பத்துக்கு ஆகாது என்றார். புத்தூர் ரோட்டில் அந்தக் கதவு தானாகத் திறந்தது. கம்பெனிக்காரர்கள் சரிசெய்தார்கள். மறுபடியும் திறந்தது. பூட்டையே மாற்றினார்கள். அதற்குப் பிறகும் திறந்தது. முதலாளியின் அம்மா எப்போதும் அந்தப் பக்கம்தான் உட்காருவார் என்பதையும், மருமகளோடு சண்டை வந்தால் ஓடுகிற வண்டியிலிருந்தே இறங்கிவிடுவேன் என்று கைப்பிடியை இழுக்கிற வழக்கம் அவருக்கு உண்டு என்பதையும் வெகுநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

திருப்பதி டாக்டர் ஒருவர் கூரை திறக்கிற டாப் எண்டை வாங்க நினைத்தார். மேலே திறந்துவைத்தால் மேலே உள்ளவர்கள் எட்டிப் பார்ப்பார்கள் என்றார் பொருத்தம். டாக்டர் சிரித்துவிட்டு வாங்கினார். தரிசனம் முடிந்து திருமலையிலிருந்து இறங்கும்போது, பனிமூட்டத்தில் ஒரு வளைவில் வண்டி நின்றது. பின்னால் இருந்த டாக்டர் மனைவியின் உச்சந்தலையில் சில்லென்று ஒரு கை பட்டது. அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மாமனார் காரியத்தில் செய்த குறையையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட குரங்கு, மடியிலிருந்த லட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் குறைகள் அதுவரைக்கும் டாக்டருக்குத் தெரியாதவை.

இப்படியெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவள்தான் நானும், என் மகன் கார் வாங்கும் வரைக்கும்.

பாபு எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். நான் நகரியில் தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பாபு காலேஜ் படித்தபோது பைக்கோடு லாரிக்கு முன்னால் விழுந்து எழுந்தவன். அன்றிலிருந்து போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடிப்போய் எடுப்பேன். அவன் அமெரிக்காவில் சில வருஷம் இருந்துவிட்டு சென்னைக்கு வேலை மாற்றிக்கொண்டு வந்தான். வந்ததும், வெளிநாட்டுக் கம்பெனியின் விலையுயர்ந்த கார் ஒன்றுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டான். நிற்கிற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு நாலு செகண்டு சில்லறை போதுமாம். அதைச் சந்தோஷமாகச் சொன்னான். அவன் அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன். வாங்கட்டும் விடு, வயசுப் பிள்ளை என்றார் அவர். குவைத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சின்னதாகத் தெரியும் போலிருக்கிறது.

ரகத்தை மாற்ற இன்னும் ஒரு வாரம் அவகாசம் இருந்தது. நான் கூப்பிட்டதும் பொருத்தம் வந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்தார். பாபு செல்போனில் காட்டியதை அவர் பார்க்க மறுத்ததால் சென்னையிலிருந்து கூரியரில் வரவழைத்த காகிதம் அது. பேஸுக்குச் சின்ன இன்ஜின். மிடிலுக்கும் அதே இன்ஜின்தான், ஆனால் வெளியே டாப் எண்டைப் போல உடை. மாறுவேஷம் என்று ஒதுக்கிவிட்டார். டாப் எண்டுக்குத்தான் அந்த நாலு செகண்டு இன்ஜின். பாபு அதைத்தான் கேட்டிருந்தான்.

டாப் எண்டில் என்னென்ன உண்டு என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, பாபு சொல்லிக்கொண்டே வந்தான். கதவை லேசாகச் சாத்தினால் போதும், மிச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் கதவைத் திறந்ததும் சீட்டு தானாகப் பின்னால் நகர்ந்து இடம் விடும். யார் யார் எப்படி உட்கார்ந்தார்கள் என்று அதற்கு ஞாபகம் இருக்கும். வேகத்தின் எண் கண்ணாடிக்கு அப்பால், ரோட்டுக்கு மேலே மிதக்கும். ஓட்டுகிறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். இன்ஜின் உறுமுகிற சத்தம் உள்ளே ஸ்பீக்கரிலிருந்து வரும்.

பொருத்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இன்ஜினுக்குத்தான் தானே உறுமத் தெரியுமே, பிறகு உள்ளே கத்துவது யார் என்று கேட்டார். பாபு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரைக்கும் எனக்கு வேகம்தான் பயம். அன்றைக்கு அந்தக் கார் மீதே பயம் வந்தது.

கடைசியில் அவர் விரல் ஒரு ஸ்டாரில் வந்து நின்றது. அந்தப் பெரிய இன்ஜினுக்கு ஏற்ற பெரிய பிரேக்குக்குத் தனியாகக் காசு. பாபு அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, சிவப்பு நிற சீட் பெல்ட்டையும் அந்த ஸ்பீக்கர் சத்தத்தையும் வாங்கியிருந்தான்.

"ஓடறதுக்கு டிக்கு, நிக்கறதுக்கு ஸ்டாரா நைனா?" என்றார்.

சாதா பிரேக்கே நன்றாகத்தான் பிடிக்கும் என்றான் பாபு. உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவர் எழுந்துவிட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்ப்பதற்கான டாப் எண்ட் ஒன்றை சென்னை ஷோரூமிலிருந்து ஒருவர் திருப்பதிக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் வரைக்கும் பாபுவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, சாமியைப் பார்த்துவிடுகிறேன் என்று மலைக்குப் போய்விட்டார். மலை அடிவாரத்தில் அலிபிரிக்குப் பக்கத்தில் பூஜை போட்டோம். நம் வண்டியே இல்லை, எதற்கு என்றான் பாபு. இறங்குகிறவரை நம் வண்டிதான் என்று பொருத்தம் அடம்பிடித்தார். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, முகப்பில் சாமந்தி மாலையைத் தொங்கவிட்டு, கம்பெனிச் சின்னமே மறையும்படி சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் வைப்பதைப் போல அவ்வளவு தாராளம்.

காளஹஸ்தி வழியாகத் தடா போகிற ரோட்டைப் பாபு தேர்ந்தெடுத்திருந்தான். நேரான ரோடு, கூட்டம் இருக்காது. நானும் பொருத்தமும் பின்சீட்டில். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். மழை விட்டிருந்த மத்தியானம். இரண்டு பக்கமும் ஏரிகள் ததும்பி, வானமும் தண்ணீரும் ஒரே சாம்பலாக இருந்தன. வரதய்யபாளையம் நெருங்கும்போது ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. பாபு காலை அழுத்தினான். ஸ்பீக்கரிலிருந்து அந்த உறுமல் எழுந்தது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது கார் அலறியது. முன்னால் சிவப்பாக ஏதோ மின்னியது. பெல்ட் தானாக இறுகி என்னைக் கட்டிப்போட்டது. பாபு பிரேக்கைத் தொடவேயில்லை. வண்டி தானாகவே கிறீச்சிட்டு நின்றது.

முன்னால் ஒன்றுமில்லை. ஈர ரோடு மட்டும் இருந்தது.

ஏதோ கோளாறு என்று சொல்லிவிட்டுப் பாபு மறுபடியும் கிளப்பினான். கொஞ்ச தூரம் போயிருப்போம். மறுபடியும் அதே அலறல், அதே இறுக்கம். வண்டி நின்றது. இந்த முறை பாபு மறுபடியும் கிளப்பவில்லை.

பொருத்தம் கண்ணைத் திறந்தார். "முன்னால ஆள் கீறாரு," என்றார் மெதுவாக. "நமக்குத் தெரியல. வண்டிக்குத் தெரிது."

மாமா சும்மா இருங்க என்றான் பாபு. நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். இறங்கி ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடினால் அந்த ரோட்டில்தானே ஓட வேண்டும் என்றும் தோன்றியது.

பொருத்தம் கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு காருக்கு முன்னால் போய் நின்றார். பாபுவை உட்காரச் சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே இறங்கினேன். கிட்டே போகத் தைரியமில்லை. கதவைச் சாத்தி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எதையாவது மந்திரம் போல முணுமுணுப்பார் என்று நினைத்தேன். அவர் கைகூப்பிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்காரர்களிடம் பேசுகிற குரலில், எதிரே காலியாக இருந்த ரோட்டிடம் பேசினார்.

"ஐயா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. பையன் நல்ல பையன். அவங்கம்மா ஒத்தையா வளத்த புள்ள. இன்னும் கண்ணாலம்கூட ஆவல. யாராச்சும் ஒருத்தரு வந்தே ஆவணும்னா நான் வரேன். எனக்கு முன்னாலயும் யாரும் இல்ல, பின்னாலயும் யாரும் இல்ல. பையன விட்டுடுங்க."

சொல்லி முடித்துவிட்டு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அதே பேச்சை முதலிலிருந்து தெலுங்கில் சொன்னார். எல்லைப் பக்கம், எதிரே நிற்பவர் எந்த பாஷைக்காரர் என்று தெரியாதல்லவா.

அப்போதுதான் கவனித்தேன். அந்த மனிதரின் வெள்ளைச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அதிகமாகப் பயந்திருந்தார். ஆள் நிற்கிறார் என்று நிஜமாகவே நம்பினார். நம்பிக்கொண்டேதான் போய்க் குறுக்கே நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, போகலாம் நைனா, மெதுவா போ என்றார். பாபு மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். எங்களை ஒரு டிராக்டர் முந்திக்கொண்டு போனது. அதிலிருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

தடாவில் டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, பாபு விற்பனையாளருக்குப் போன் போட்டான். மலையில் க்யூவில் நின்றுகொண்டிருந்த அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பூஜை போட்டீர்களா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். எதிரே வருவதைப் பார்த்துத் தானாகப் பிரேக் போடுகிற கருவி அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஈரச் சந்தனத்தை அப்பி, அதற்கு முன்னால் மாலையின் நுனியை ஆடவிட்டால் வண்டி பாவம் என்ன நினைக்கும் என்றாராம். திருப்பதிக்கு வருகிற வண்டிகளுக்கு இது நடக்கிற வழக்கம்தானாம்.

டீக்கடையில் தண்ணீர் வாங்கித் துடைத்தோம். மாலையைக் கழற்றினோம். அதற்குப் பிறகு வண்டி ஒருமுறைகூட அலறவில்லை. பாபுவுக்கு வந்த சிரிப்பு அடங்கவேயில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பொருத்தம் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப சந்தனத்துக்கிட்டதான் பேசினீங்களா மாமா?" என்றான் பாபு.

"சந்தனமோ யாரோ. பேசினது பேசினதுதான்," என்றார் பொருத்தம். அவர் சிரிக்கவில்லை.

எதை எடுக்கட்டும் என்று பாபு கேட்டான். ஆயிரம் வண்டிக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர், "எதை வேணா எடு நைனா. நான் பேசி முடிச்சிட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். சம்பந்தம் முடிந்துவிட்டால் இரண்டு வீட்டாரிடமும் அவர் சொல்கிற வார்த்தை அது.

அன்று ரோட்டில் அவர் பேசியதை வீட்டுக்கு வந்த பிறகு பாபுவிடம் சொன்னேன். மறுநாள் சென்னைக்குப் போய் டாப் எண்டை மாற்றிப் பேஸ் எடுத்துவிட்டான். டாப் எண்டில் ஸ்டெப்னி டயர் இல்லை, நம் ரோட்டுக்குச் சரிப்படாது என்று காரணம் சொன்னான். பேஸிலும் ஸ்டெப்னிக்குக் கோடுதான் போட்டிருந்தது. பொருத்தமும் பார்த்திருப்பார்.

அடுத்த ஆடியில் பொருத்தம் போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர் அப்படியே இருந்தார். அவர் எப்போதும் அப்படித்தானே இருப்பார் என்று யாரும் வெகுநேரம் கவனிக்கவில்லை. சர்க்கரை அதிகமாகி இதயத்தைப் பாதித்திருக்கிறது என்றார் டாக்டர். நான் படித்தவள். டாக்டர் சொன்னதைத்தான் நம்புகிறேன், பகல் நேரங்களில்.

சேதி கேட்டதும் சென்னையிலிருந்து காரில் புறப்பட்டான் பாபு. இரண்டரை மணி நேரத்தில் வந்திருக்க வேண்டியவன் வரவில்லை. பாபு வரட்டும் என்று நான் சொன்னதால் தெருவே காத்திருந்தது. தறிகளை நிறுத்தியிருந்ததால், சின்னச் சத்தம் கேட்டாலும் எல்லோரும் தெருமுனையைப் பார்த்தார்கள். மழை வரும்போலிருக்கிறது, எடுத்துவிடலாமே என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். போன் போட்டேன், எடுக்கவில்லை. வெள்ளை முழுக்கைச் சட்டையோடு படுத்திருந்தவரைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நின்றேன். பேசி முடித்துவிட்டேன் என்றீர்களே என்று மனசுக்குள் சண்டை போட்டேன்.

நாலு மணி நேரம் ஆனபிறகு தெருமுனையில் அந்தக் கார் திரும்பியது. குழந்தை தூங்குகிற வீட்டுக்குள் நுழைவதுபோல மெதுவாக வந்தது. ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன்மா என்று சொல்லிக்கொண்டே பாபு இறங்கினான். ஏன் இவ்வளவு நேரம் என்று யாரோ அதட்டினார்கள்.

தூக்கக் கை வைத்தவர்களை ஒரு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன். குனிந்து, அவர் காதோரம் சொன்னேன்.

"அண்ணா, பாபு பத்திரமா வந்துட்டான்."